ஆயிரத்தில் இரண்டு பங்கு: பழைய குண்டு அச்சுகளும் இலக்கு ரிவால்வர்களும்

.45 கோல்ட் ரிவால்வருக்கு ஈயக் குண்டு வார்க்க அமெரிக்காவின் லைமன் நிறுவனம் விற்ற அச்சு ஒன்றின் எண் 454424. பிற்காலத்தில் அதே குண்டுக்கான அச்சு 452424 என்ற எண்ணோடு வந்தது. முதல் மூன்று இலக்கங்கள் குண்டின் விட்டத்தைச் சொல்கின்றன: ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 454 பங்கு. கடைசி மூன்றும் வடிவத்தின் வரிசை எண். அதாவது வடிவத்துக்கு அதே எண் இருக்க, விட்டம் ஆயிரத்தில் இரண்டு பங்கு குறைந்திருக்கிறது. மில்லிமீட்டரில் சொன்னால் 0.05.

பழைய அச்சு வாங்குகிறவர்களின் குழப்பம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அந்தக் காலத்து இரும்பு, அந்தக் காலத்து வேலைப்பாடு, நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். வார்த்துச் சுட்டுப் பார்த்தால் ஒருவருடைய ரிவால்வரில் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. இன்னொருவருடையதில் தாள் முழுக்கச் சிதறுகின்றன, குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்கிறது. இரண்டு பேரும் ஒரே அச்சில், ஒரே ஈயத்தில் வார்த்திருக்கலாம். அச்சில் குறை இல்லை, ஆளிடமும் குறை இல்லை. ஓர் அச்சு தான் வெட்டப்பட்ட காலத்துத் துப்பாக்கிகளின் உள்ளளவைத் தாங்கி வருகிறது. அந்த அளவு இன்று கையில் இருக்கும் ரிவால்வரோடு பொருந்துகிறதா என்பதுதான் முதல் கேள்வி. உலோகக் கலவை, கடினத்தன்மை, மசகு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். பித்தளைக் கூடு, அதன் அடியில் கேப், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு, இவை எல்லாம் சேர்ந்தது தோட்டா. இந்தக் கட்டுரையில் குண்டு என்று சொல்வது, குழலிலிருந்து வெளியே பறக்கும் அந்த ஈயத் துண்டை மட்டும்.

ரிவால்வர் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது

ரைஃபிளிலோ சாதாரணப் பிஸ்டலிலோ தோட்டா அறையும் குழலும் ஒரே உருக்குத் துண்டில் தொடர்ச்சியாக இருக்கும். ரிவால்வரில் அப்படி இல்லை. தோட்டா இருப்பது சுழலும் சிலிண்டரில். குழல் அதற்கு முன்னால் தனியாக நிற்கிறது. நடுவே ஓர் இடைவெளி, ஆயிரத்தில் நான்கிலிருந்து எட்டுப் பங்கு வரை. சிலிண்டரில் இருந்து புறப்படும் குண்டு அந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துத்தான் குழலுக்குள் நுழைய வேண்டும்.

அந்தப் பயணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கூட்டை விட்டுக் கிளம்பியதும் குண்டு சிலிண்டர் அறையின் முன்பகுதியில் உள்ள ஒடுக்கமான கழுத்துக்குள் போகிறது. கழுத்து நேராகவும் குண்டுக்குச் சரியாகவும் இருந்தால் குண்டு சாயாமல் வெளியே வரும். அடுத்து இடைவெளி. அப்புறம் குழலின் பின்முனையில் புனல் போல விரிந்த வாய், சிலிண்டர் ஒரு மயிரிழை நேர்கோட்டில் இல்லாமல் போனாலும் குண்டை ஏந்தி நடுவுக்குக் கொண்டுவருவதற்காக. அதற்குப் பிறகுதான் குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளங்கள்.

கழுத்து, பள்ளம் என்ற இந்த இரண்டு அளவுகளுக்கும் உள்ள உறவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கழுத்து பள்ளத்தை விடச் சின்னதாக இருந்தால், எவ்வளவு தடித்த குண்டை வைத்தாலும் கழுத்து அதைப் பிழிந்து இளைக்க வைத்துவிடும். இளைத்த குண்டு குழலுக்குள் போகும்போது பள்ளங்களின் அடிவரை நிரப்பாது. பின்னாலிருந்து வரும் சூடான வாயு அந்தச் சந்து வழியாகக் குண்டை முந்திக்கொண்டு பாயும். பாயும்போது ஈயத்தின் விளிம்பை உருக்கி அரித்து, குழலின் சுவரில் பூசிவிட்டுப் போகும். கழுத்து மிகப் பெரிதாக இருந்தாலும் தொல்லைதான். குண்டு அதற்குள் லொடலொடவென்று ஆடி, சாய்ந்தபடி குழலுக்குள் நுழையும். சாய்ந்து நுழைந்த குண்டு சாய்ந்தபடியேதான் சுழலும்.

சரியான உறவு இப்படி இருக்க வேண்டும்: கழுத்து பள்ளத்தின் அளவுக்குச் சமமாகவோ ஒரு துளி கூடுதலாகவோ இருக்க வேண்டும், குண்டு கழுத்தின் அளவுக்கு இருக்க வேண்டும். கையால் தள்ளினால் குண்டு கழுத்துக்குள் லேசான பிடிப்போடு போக வேண்டும். தானாக விழுந்தால் சின்னது, தள்ளியும் போகாவிட்டால் பெரிது.

இப்போது .45 கோல்டுக்குத் திரும்புவோம். 1873இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் குழல் பள்ளத்தின் விட்டம் ஆயிரத்தில் 454 பங்கை ஒட்டி இருந்தது. இரண்டாம் உலகப் போர் வரை அதே அளவுதான். போருக்குப் பிறகு 1950களில் உற்பத்தி மறுபடி தொடங்கியபோது குழல்கள் .45 ஆட்டோமேட்டிக் பிஸ்டலின் அளவுக்கு, அதாவது 451, 452 என்று, மாறின. ஆனால் சிலிண்டர் கழுத்துகள் எல்லா இடத்திலும் அதே வேகத்தில் மாறவில்லை. பழைய பெரிய அளவிலேயே, 456, 457 என்று, கழுத்து வெட்டப்பட்ட ரிவால்வர்கள் நிறைய உண்டு. இன்னொரு பக்கம் சில நவீன ரிவால்வர்களில் கழுத்து 450க்கும் கீழே இறுக்கமாக இருக்கிறது. ஆக, ‘.45 கோல்ட்’ என்று ஒரே பெயர் பொறித்த மூன்று ரிவால்வர்களுக்கு மூன்று வேறு அளவுக் குண்டுகள் தேவைப்படலாம். 454424 என்ற அச்சு முதல் வகைக்காக வெட்டப்பட்டது. லைமன் அதை 452424 ஆக்கியது வந்துகொண்டிருந்த புதுக் குழல்களுக்காக. எந்த எண் நல்லது என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. எந்தத் துப்பாக்கிக்கு என்று கேட்க வேண்டும்.

.38 ஸ்பெஷல் என்ற சின்னத் தோட்டாவிலும் இதே கதை உண்டு. பழைய கோல்ட் இலக்கு ரிவால்வர்களின் குழல் 354 அளவில் இறுக்கமாக இருக்கும். இன்னொரு அமெரிக்க நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் குழல் 357 அளவில் இருக்கும். 358 என்று தொடங்கும் அச்சிலிருந்து விழும் குண்டு இரண்டிலும் வேலை செய்யும், ஏனென்றால் மென்மையான ஈயம் கொஞ்சம் பிழியப்படுவதைப் பொறுத்துக்கொள்ளும். சின்னதாக இருப்பதை மட்டும் ரிவால்வர் மன்னிப்பதில்லை.

குண்டு கூட்டுக்குள் நுழைந்த கதை

இன்று நாம் பார்க்கும் குண்டு வடிவத்துக்கு ஒரு ரஷ்யத் தொடர்பு உண்டு. 1870களின் தொடக்கம் வரை ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பெரிய ரிவால்வர் குண்டுகள், கூட்டின் வெளி விட்டத்துக்குச் சமமாக இருந்தன. அடிப்பகுதி மட்டும் ஒடுங்கிக் கூட்டுக்குள் செருகியிருக்கும், மசகு வெளியே அப்பட்டமாகத் தெரியும். பையில் போட்டால் தூசியும் பஞ்சும் ஒட்டும், வெயிலில் மசகு வழியும். ரிவால்வர் வாங்க வந்த ரஷ்ய ராணுவம் இதை ஏற்கவில்லை. குண்டு கூட்டின் உள் விட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், மசகுப் பள்ளங்கள் கூட்டுக்குள் மறைந்திருக்க வேண்டும் என்று கேட்டது. அப்படிப் பிறந்ததுதான் .44 ரஷ்யன் தோட்டா. 19ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் இலக்குச் சுடுவோர் அதைத்தான் தேடிப் பிடித்தார்கள். பிற்பாடு வந்த .44 ஸ்பெஷல், .44 மேக்னம் இரண்டும் அதே கூட்டை நீட்டிச் செய்தவை. ஒரு ராணுவத்தின் கொள்முதல் நிபந்தனை இலக்கு விளையாட்டுக்கு இவ்வளவு பயன்பட்டது எனக்கு எப்போதும் வியப்பான விஷயம்.

அதே காலத்தில், 1884இல், கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் ஜான் பார்லோ என்பவர் ஐடியல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரே இடுக்கியில் குண்டு வார்க்கும் அச்சும், காலிக் கூட்டைத் திரும்ப நிரப்பும் கருவியும் சேர்ந்திருப்பது அவருடைய பெயர் பெற்ற பொருள். கையடக்கமான கருவி. கடைக்கு வெகு தொலைவில் இருந்தவர்கள் சுட்ட கூட்டையே மறுபடி மறுபடி பயன்படுத்த இது வழி செய்தது. எண் வைத்து அச்சுகளை வகைப்படுத்தும் முறையும் ஐடியலுடையது. 1910இல் மார்லின் நிறுவனத்துக்கு இது கைமாறி, கடைசியில் 1925இல் லைமனிடம் வந்து சேர்ந்தது. அதனால்தான் ‘ஐடியல்’ என்று பொறித்த அச்சிலும் ‘லைமன்’ என்று பொறித்த அச்சிலும் ஒரே எண்ணைப் பார்க்க முடிகிறது. எண் ஒன்றானாலும் வெட்டுக் கருவி ஒன்றல்ல. வெட்டுக் கருவி தேயத் தேய அது வெட்டும் குழியும் சிறுக்கும். ஒரு எண்ணுள்ள இரண்டு அச்சுகள் ஆயிரத்தில் இரண்டு பங்கு வேறுபடுவது சாதாரணம். எண்ணை நம்பாமல் விழுந்த குண்டை மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்வது இதனால்தான்.

இலக்குச் சுடுவோருக்கென்றே வெட்டப்பட்ட அச்சுகளில் கலிபோர்னியாவின் ஹென்ஸ்லி அண்ட் கிப்ஸ் நிறுவனத்துக்குத் தனி மரியாதை உண்டு. ஒரே ஊற்றில் நான்கு, பத்து என்று குண்டுகள் விழும் பெரிய அச்சுகள் அவர்களுடையவை. .38க்கான அவர்களது 50ஆம் எண் தட்டைமுனைக் குண்டும் .45 ஆட்டோமேட்டிக்கிற்கான 68ஆம் எண்ணும் அமெரிக்கப் போட்டிக் களங்களில் தலைமுறை தலைமுறையாகப் பழகியவை. நிறுவனம் இப்போது இல்லை. அதன் அச்சுகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1920களின் கடைசியில் .44 ஸ்பெஷலுக்காக அவர் வரைந்த குண்டுதான் 429421. மூன்று அகலமான பட்டைகள் குழலைப் பிடிக்கும், மசகுப் பள்ளத்தின் அடி சதுரமாக இருக்கும், முனை தட்டையாக இருக்கும். பிற்கால அச்சுகளில் லைமன் அந்தச் சதுரப் பள்ளத்தை வளைவாக மாற்றியது. வளைவாக இருந்தால் குண்டு அச்சிலிருந்து எளிதாகக் கழன்று விழும். ஆனால் மசகு கொள்ளும் இடம் குறையும். பழைய சதுரப் பள்ள அச்சுக்காக இன்றும் ஆட்கள் கூடுதல் விலை தருகிறார்கள் என்றால் காரணம் வெறும் பழமைப் பற்று இல்லை.

தாளில் விழும் ஓட்டை

இலக்குப் போட்டிக்கு ஏன் தனி வடிவம்? உருண்டை முனைக் குண்டு தாளைத் துளைக்கும்போது கிழித்துத் தள்ளிக்கொண்டு போகும். ஓட்டையின் விளிம்பு பிசிறாக இருக்கும், குண்டின் விட்டத்தை விடச் சின்னதாகவும் தெரியும். மதிப்பெண் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று சண்டை வரும். முனையே இல்லாத, உருளை போன்ற தட்டைமுனைக் குண்டு பஞ்ச் அடித்தது போல வட்டமாக வெட்டும். கோட்டைத் தொட்டிருந்தால் கண்ணுக்கே தெரியும்.

அமெரிக்காவின் பாரம்பரியப் பிஸ்டல் போட்டியில் 50 கஜத் தூரத்து இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 3.36 அங்குலம். அதன் நடுவே உள்ள வட்டம் 1.695 அங்குலம். ஒற்றைக் கையால், ரிவால்வரால், 50 கஜத்தில் இந்த வட்டத்துக்குள் குண்டுகளை வைக்க வேண்டும். 1940களின் இறுதியில் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் கே-38 மாஸ்டர்பீஸும், அதற்கும் முன்பே வந்த கோல்டின் ஆபீசர்ஸ் மாடலும் இதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றுக்கு உணவு 148 கிரெய்ன் எடையுள்ள, அதாவது ஒன்பதரை கிராமை ஒட்டிய, தட்டைமுனைக் குண்டு. ஒரு விநாடிக்கு 700 அடியைச் சுற்றி, மெதுவாகப் போகும் குண்டு. வேகம் குறைவு என்பதால் உதைப்பும் குறைவு, ஆறாவது குண்டு வரை கை அலுக்காது.

இந்தியாவில் நமக்குப் பழக்கமான 25 மீட்டர் சென்டர்ஃபயர் பிஸ்டல் போட்டியிலும் தட்டைமுனைக் குண்டுதான் ஆட்சி செய்கிறது, பெரும்பாலும் .32 அளவில். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 590 புள்ளிகள் எடுத்து உலகச் சாதனையைச் சமன் செய்தது இந்தப் போட்டியில்தான். அது ரிவால்வர் அல்ல, தொழிற்சாலையில் செய்த தோட்டாக்கள் புழங்கும் களம். என்றாலும் தாளில் விழும் அந்தச் சுத்தமான வட்டத்துக்கான காரணம் ஒன்றேதான்.

கடினமான ஈயம் நல்ல ஈயமா?

பழைய அச்சு கையில் கிடைத்ததும் அடுத்த கேள்வி உலோகம். இதில் பரவலான ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: குழலில் ஈயம் ஒட்டினால் குண்டை இன்னும் கடினமாக்கு என்று. இலக்கு ரிவால்வரில் இது பெரும்பாலும் நேர்மாறான பலனைத் தரும்.

உலோகத்தின் கடினத்தை பிரினெல் என்ற அளவுகோலில் சொல்வார்கள், எண் கூடினால் கடினம் கூடும். சுத்த ஈயம் அதில் சுமார் 5. ஈயம் 90 பங்கு, வெள்ளீயம் 5, ஆன்டிமணி 5 சேர்ந்த லைமனின் இரண்டாம் எண் கலவை சுமார் 15. லைனோடைப் அச்சு உலோகம், அதாவது ஈயம் 84, ஆன்டிமணி 12, வெள்ளீயம் 4, சுமார் 22. இலக்குத் தோட்டாவில் அழுத்தம் குறைவு. மென்மையான குண்டின் அடி அந்தக் குறைந்த அழுத்தத்திலேயே கொஞ்சம் விரிந்து, குழலின் பள்ளத்தை அடைத்துக்கொள்ளும், வாயு தாண்டிப் போக வழி இருக்காது. லைனோடைப்பில் வார்த்த கடினமான குண்டுக்கு அந்த அழுத்தம் போதாது. விட்டம் ஒரு துளி குறைந்தாலும் அது விரியாமல் அப்படியே போகும், வாயு ஓரத்தில் கசியும், குழல் முழுக்க ஈயம். மெதுவான இலக்குத் தோட்டாவுக்குக் கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்த மென்மையான ஈயமே போதும் என்பது என் உறுதியான கருத்து.

லைனோடைப் பெயர் வந்ததால் ஒரு வார்த்தை. 1886இல் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழில் முதலில் ஓடிய அந்த இயந்திரம், வரி வரியாக ஈய எழுத்துகளை வார்த்துக் கொடுத்தது. நம் ஊர் அச்சகங்களில் கையால் கோத்த எழுத்துகளும் இதே குடும்பத்து உலோகம்தான். ஆன்டிமணி சேர்ந்தால் உலோகம் ஆறும்போது சுருங்குவது குறைவு, அதனால் எழுத்தின் விளிம்பு கூர்மையாக நிற்கும். ஆஃப்செட் வந்து ஈய எழுத்துகள் ஓய்ந்தபோது அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களின் பழைய லைனோடைப் கட்டிகள் குண்டு வார்ப்பவர்களின் பட்டறைக்குப் போயின. சுருங்குவது குறைவு என்ற அதே குணம் இங்கேயும் கணக்கில் வருகிறது. ஒரே அச்சில் சுத்த ஈயத்தை ஊற்றினால் விழும் குண்டை விட லைனோடைப் ஊற்றினால் விழும் குண்டு ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு பெரிதாக இருக்கும், எடையும் குறையும். விட்டம் போதாத பழைய அச்சை வைத்துக்கொண்டு தவிப்பவர், குழியைக் குடையப் போகும் முன், கலவையில் கொஞ்சம் ஆன்டிமணியைக் கூட்டிப் பார்க்கலாம்.

வெள்ளீயத்தின் வேலை வேறு. உருகிய ஈயத்தின் மேல் தோல் போன்ற இறுக்கத்தை அது தளர்த்தி, உலோகம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடிப் பாய உதவுகிறது. நூற்றுக்கு இரண்டு பங்கு போதும். அதற்கு மேல் போட்டால் காசுதான் கரையும்.

நீண்ட காலம் எல்லோருக்கும் கைகொடுத்தது கார் சக்கரத்தின் விளிம்பில் மாட்டும் சமநிலை எடைகள். அவற்றில் ஈயமும் ஆன்டிமணியும் ஏற்கெனவே சரியான விகிதத்தில் இருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் இருந்தும் கலிபோர்னியா 2010இல் இருந்தும் ஈய எடைகளைத் தடுத்தன. இன்று பழைய டயர்க் கடையில் கிடைப்பதில் பாதி துத்தநாகமும் இரும்பும் கலந்திருக்கும். துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் உருகும், ஈயமோ 327இல். பாத்திரத்தை 370ஐ ஒட்டியே வைத்திருந்தால் துத்தநாகத் துண்டு உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துப் போடலாம். தெரியாமல் சூட்டைக் கூட்டி உருக்கிவிட்டால் மொத்தக் கலவையும் கூழ் போலாகிவிடும், அச்சின் விளிம்பு வரை ஓடவே ஓடாது.

அச்சின் முன்னால்

பழைய இரும்பு அச்சு என்பது இரண்டு கட்டிகள், நடுவே பாதிப் பாதியாக வெட்டிய குழி, மேலே பக்கவாட்டில் நகரும் ஒரு தகடு, தகட்டில் ஊற்றும் துளை. குழியின் முகங்களில் மெல்லிய கீறல்கள் வரிசையாக இருக்கும். உலோகம் உள்ளே போகும்போது காற்று வெளியேறும் வழிகள் அவை. பலர் இவற்றை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து அழித்துவிடுகிறார்கள்.

முதலில் எண்ணெயை முழுவதும் போக்க வேண்டும். துருப் பிடிக்காமல் இருக்கப் பழைய சொந்தக்காரர் பூசிய எண்ணெய் குழியில் துளி மீதம் இருந்தாலும், ஊற்றும் உலோகத்தின் சூட்டில் ஆவியாகிக் குண்டின் தோலைச் சுருக்கம் சுருக்கமாக்கும். அப்புறம் அச்சைச் சூடாக்க வேண்டும். இரும்பு சூடேற நேரம் எடுக்கும். முதல் சில குண்டுகள் சுருங்கித்தான் வரும், அவற்றைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டுவிட வேண்டியதுதான். சூடு சரியானதும் குண்டு மூலைகள் கூர்மையாக, வெள்ளி போலப் பளபளத்து விழும். சூடு மிஞ்சினால் மேற்பரப்பு பனி படிந்தது போல மங்கும். மங்கிய குண்டு சுடுவதற்கு ஒன்றும் கெட்டதில்லை, சுருங்கிய குண்டுதான் ஆகாது.

ஊற்றி முடித்ததும் தகட்டின் மேல் தேங்கிய மிச்ச உலோகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். திரவமாய் மினுங்கும் அதன் மேற்பரப்பு ஒரு கணத்தில் மங்கி, நடுவில் லேசாகக் குழிந்து, உறையும். உறைந்து இரண்டு மூன்று விநாடி கழித்துத் தகட்டைத் திருப்பினால் அடி வழவழப்பாக வெட்டுப்படும். அவசரப்பட்டால் ஈயம் தகட்டில் இழுபடும். தாமதித்தால் அடியிலிருந்து ஒரு துணுக்கைப் பிய்த்துக்கொண்டு வரும்.

இந்த அடிப்பகுதியில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்து மருத்துவர் பிராங்க்ளின் மன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேண்டுமென்றே சிதைத்த குண்டுகளைச் சுட்டுப் பார்த்து ஒன்றைக் காட்டினார்: முனை நசுங்கினால் குண்டு அவ்வளவாக விலகுவதில்லை, அடி சிதைந்தால் விலகிப்போகிறது. குழலை விட்டு வெளியேறும் கணத்தில் கடைசியாக விடுபடுவது அடிதான். ஒரு பக்கம் ஈயம் குறைந்திருந்தால் வாயு அந்தப் பக்கம் முதலில் பீறிட்டுக் குண்டைத் தள்ளிவிடும். எனவே வார்த்த குண்டுகளைத் தரம் பிரிக்கும்போது முதலில் அடியைப் பார்த்து, விளிம்பு உருண்டிருந்தால் தயங்காமல் ஒதுக்க வேண்டும். முனையில் இருக்கும் சின்னக் குறைக்காக யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

பழைய அச்சுகளுக்கு நேர்ந்த பெரும் கொடுமை சுத்தியல். ஒட்டிக்கொண்ட குண்டைக் கழற்ற இரும்புக் கட்டியின் மேலேயே தட்டியிருப்பார்கள். விளிம்புகள் மழுங்கி, இரண்டு பாதியும் முழுதாக மூடாமல், குண்டின் பக்கவாட்டில் ஈயம் இறகு போலப் பிதுங்கும். விட்டம் ஒரு திசையில் ஒன்றாகவும் மறு திசையில் வேறாகவும் வரும். தட்டுவதாக இருந்தால் மரக்கட்டையால், கைப்பிடிகள் சேரும் திருகின் மேல் மட்டும் தட்ட வேண்டும். லேசான துருவைப் பித்தளைத் தூரிகையால் எடுத்துவிடலாம். ஆனால் குழிக்குள் துரு அரித்த பள்ளம் இருந்தால் ஒவ்வொரு குண்டிலும் அது மேடாகப் பதிந்து அச்சில் சிக்கும். அத்தகைய அச்சை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

வார்த்த குண்டு அச்சிலிருந்து விழுந்ததும் வேலை முடிவதில்லை. பள்ளத்தில் மசகு நிரப்பி, ஒரு உருக்கு வளையம் வழியாகத் தள்ளித் தேவையான விட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கறுப்பு வெடிமருந்துக் காலத்தில் தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும். பின்னாளில் தேன்மெழுகும் ஆலாக்ஸ் என்ற பெட்ரோலிய மசகும் சரிபாதி சேர்த்த கலவை அமெரிக்காவில் நிலைத்துவிட்டது. வளையம் பெரிதைச் சின்னதாக்கும், சின்னதைப் பெரிதாக்காது. அதனாலும் அச்சு தாராளமாக வெட்டப்பட்டிருப்பதே நல்லது.

இன்னும் பழைய அச்சுகள் இருக்கின்றன, தோட்டாவே இல்லாத காலத்து ரிவால்வர்களுக்கானவை. 1851ஆம் ஆண்டுக் கோல்ட் நேவிக்கு உருண்டைக் குண்டும் கூம்புக் குண்டும் ஒரே கட்டியில் பக்கம் பக்கமாக வார்க்கும் அச்சு கூடவே கிடைத்தது. அங்கே பொருத்தம் என்பது வேறு விதமாகத் தீர்க்கப்பட்டது. .36 என்று பெயர் பெற்ற ரிவால்வருக்கு 375 விட்டமுள்ள சுத்த ஈய உருண்டையை வைத்து, நெம்புகோலால் அறைக்குள் அழுத்துவார்கள். அறையின் வாய் ஒரு மெல்லிய ஈய வளையத்தைச் சீவி வெளியே தள்ளும், மீதி உள்ளே இறுகும். வளையம் முழுதாக வந்தால் பொருத்தம் சரி என்று அர்த்தம். இன்றும் பழங்காலத் துப்பாக்கிகளுக்கான உலகச் சங்கத்தின் போட்டிகளில் 25 மீட்டரில் ரிவால்வர் பிரிவு நடக்கிறது. 30 நிமிடத்தில் 13 குண்டுகள், அதில் சிறந்த பத்து மட்டும் கணக்கு. இங்கே கலவை உலோகத்துக்கு இடமே இல்லை, சுத்த ஈயம்தான், இல்லையென்றால் நெம்புகோல் வளையும்.

ஈயம் என்ற விஷம்

இதைக் கட்டுரையின் கடைசியில் ஒரு வரியாகப் போட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வார்க்கும் சூட்டில் ஈய ஆவி அதிகம் எழுவதில்லை. உண்மையான ஆபத்து மேலே படியும் சாம்பல் போன்ற கசடிலும், அதைச் சுரண்டும்போது கிளம்பும் தூசியிலும், கழுவாத கையிலும் இருக்கிறது. வார்க்கும் இடத்தில் சாப்பாடோ டீயோ சிகரெட்டோ கூடாது. போட்டிருந்த துணியைக் குழந்தைகளின் துணியோடு துவைக்கக் கூடாது. சமையல் பாத்திரத்தில் ஈயம் உருக்கினால் அது அதோடு சமையலுக்கு ஆகாது. காற்றோட்டம் கட்டாயம்.

இன்னொன்று தண்ணீர். உருகிய ஈயத்தில் ஒரு துளி நீர் அடியில் போனாலும் நொடியில் ஆவியாகிப் பாத்திரத்தில் இருப்பதை எல்லாம் முகத்தில் வீசியடிக்கும். ஈரமான கட்டியை, மழையில் கிடந்த பழைய ஈயத்தை, உருகிய பாத்திரத்தில் போடுவது உயிரோடு விளையாடுவது. கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கை, மூடிய காலணி எல்லாம் இதற்காகத்தான்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அமெரிக்காவில் சாதாரணப் பொழுதுபோக்காக இருப்பது இங்கே அப்படி அல்ல.

அங்கே ஒருவருக்குத் தாத்தாவின் பெட்டியில் இருந்து ஐடியல் அச்சு ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செய்ய வேண்டியது இது. இருபது குண்டு வார்த்து, ஒவ்வொன்றையும் இரண்டு திசையில் அளக்க வேண்டும். ரிவால்வரின் ஆறு கழுத்துகளையும் அளக்க வேண்டும், ஆறும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குழலின் பள்ளத்தை அளக்க, மென்மையான ஈய உருண்டை ஒன்றை மசகு தடவிக் குழல் வழியாகத் தள்ளி, வெளியே வந்ததை அளக்கலாம். மூன்று எண்களையும் பக்கத்தில் எழுதினால் பொருத்தம் தானே தெரிந்துவிடும். குண்டு பெரிதாக இருந்தால் வளையம் இருக்கிறது. சின்னதாக இருந்தால் கலவையை மாற்றிப் பார்க்கலாம். அப்போதும் போதாவிட்டால் குழியை அரைத்துப் பெரிதாக்குவதை விட, அந்த அச்சை அதே காலத்து ரிவால்வர் வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிட்டு, தன் ரிவால்வருக்கு ஏற்ற விட்டத்தில் புதிய அச்சு ஒன்றை வெட்டி வாங்குவதே நல்லது. கேட்ட விட்டத்தில் அச்சு வெட்டித் தரும் பட்டறைகள் அமெரிக்காவில் இன்றும் இருக்கின்றன. பழைய 454 ஒன்று குடையப்பட்டுப் போனால் 1930களின் கோல்ட் ஒன்றுக்குச் சரியாகப் பொருந்தும் குண்டு கிடைக்க இன்னொரு வழி குறைகிறது.